இரு தரப்பும் மதித்த கருத்து வேறுபாடு

வாருங்கள், கொஞ்சம் அருகில் வந்து நில்லுங்கள். ஒரு பெண் தன் கையை இழந்த கதை இது. குருதியைக் காட்டி உங்கள் கண்ணீரைக் கறக்க நான் உங்களை அழைக்கவில்லை. அந்தக் கையைப் பறித்த கருவியை நீங்கள் உங்கள் கண்ணால் பார்க்க வேண்டும். இயந்திரம் பறித்தது என்பார்கள் பார்த்தவர்கள். இயந்திரம் தனக்கு இட்ட வேலையைத்தான் செய்தது. பறித்தது ஒரு சொற்றொடர்; நாகரிகமான, நறுவிசான, சிரித்த முகத்தோடு சொல்லப்பட்ட ஓர் ஆங்கிலச் சொற்றொடர். அதை உங்களிடம் யாரோ சொல்லியிருப்பார்கள். நீங்களும் யாரிடமோ சொல்லியிருப்பீர்கள். ஆகவே வேடிக்கை பார்த்துவிட்டு நழுவிப் போகும் உரிமை உங்களுக்கு இல்லை.

மருத்துவமனைகளும் விடுதிகளும் ஒரே நாளில் அழுக்காக்கும் துணியெல்லாம் மூட்டை மூட்டையாக வந்து விழும் சலவை ஆலை அது. எப்போதும் ஈரம் காயாத சிமெண்டுத் தரை. விரல் நுனிகள் நாள் முழுவதும் ஊறிச் சுருங்கிக் கிடக்கும் நாற்பது பெண்கள். கூடத்தின் நடுவே இஸ்திரி உருளை: இரண்டு கட்டில்களை நீளவாக்கில் சேர்த்துப் போட்டாற்போல் நீண்டு, வயிற்றுக்குள் நீராவி கொதிக்க, ஓயாமல் சுழலும் இரும்பு. இரண்டு பெண்கள் ஆளுக்கொரு முனையைப் பிடித்து விரிப்பை இழுத்து நீட்டி அதன் வாயில் கொடுப்பார்கள். ஈரத்துணி ஒரு பக்கம் போகும். மறுபக்கம் மொடமொடவென்று வரும்.

அந்த வாய்க்கு முன்னால், விரல் உயரத்தில், சிவப்பு வண்ணம் பூசிய ஒரு தடுப்புத் தண்டு உண்டு. விரல் முட்டி அதில் இலேசாகப் பட்டால் போதும், உருளை நின்றுவிடும். இயந்திரத்தைப் படைத்தவன் மனிதனை மறக்கவில்லை என்பதற்கு அங்கே இருந்த ஒரே அடையாளம் அந்தத் தண்டுதான். ஆனால் ஓரத்தில் எலாஸ்டிக் வைத்த விரிப்புகள் சுருண்டு வந்து அதில் முட்டும். உருளை நிற்கும். மீண்டும் ஓட்ட நான்கு நிமிடம் பிடிக்கும். அதற்குள் சூட்டில் மாட்டிய துணி பழுப்பேறும். வேலை குவிந்த ஒரு வாரத்தில், மேலிடத்து வாய்மொழி உத்தரவின்படி, மெக்கானிக் அந்தத் தண்டை மேலே தூக்கி, துணிமூட்டை கட்டும் கம்பியால் இரண்டு முறுக்கு முறுக்கிக் கட்டிவைத்தார். "இந்த ஒரு வாரத்துக்குத்தான்" என்று சொன்னார். அந்த வாரம் எட்டு மாதமாகியும் முடியவில்லை.

உருளையின் இடப்பக்க முனையில் நின்றவளுக்கு ஆலையில் 'லெஃப்டு' என்று பெயர். பிறவியிலேயே இடக்கைப் பழக்கம் உள்ளவள். எழுதுவது, அரிவது, அடிக்கக் கை ஓங்குவது எல்லாம் இடக்கைதான். எதிர்முனையில் நின்றவள் அவளுடைய அண்ணன் மனைவி. லெஃப்டு அவளை அண்ணி என்று கூப்பிட, பக்கத்து மேசைக்காரி அண்ணி என்று கூப்பிட, கடைசியில் வாயிற்காவலர் வரை ஆலை முழுவதற்கும் அவள் அண்ணியானாள். மேலாளர் மட்டும் அவளை 'மேடம்' என்பார். அவர் மேடம் என்று தொடங்கினால் காரியம் கெட்டது என்று பெண்கள் சிரிப்பார்கள்.

ஒரு நாள் லெஃப்டின் சட்டைக் கை நுனியை உருளை கவ்வியது. வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். பொத்தான் மட்டும் உள்ளே போய், மறுபக்கம் வில்லையாக நசுங்கி வந்தது. அதை எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினாள்.

"பாருங்க அண்ணி, இஸ்திரி போட்ட பொத்தான். இனிமே கசங்கவே கசங்காது."

"சிரிக்காதடி. பொத்தான் இருந்த இடத்துல விரல் இருந்திருந்தா?"

"விரலும் கசங்காது."

அண்ணி அந்தப் பொத்தானை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். அவள் ஆலையின் பாதுகாப்புக் குழுவில் தொழிலாளர் தரப்பு உறுப்பினர். மாதத்தின் முதல் திங்களன்று மேலாளர் அறையில் குழு கூடும். குளிரூட்டிய அறை, தட்டில் பிஸ்கட், பச்சை அட்டை போட்ட கூட்டக் குறிப்பேடு. அந்தக் குறிப்பேட்டைப் பற்றி உங்களுக்கு ஒன்று தெரிய வேண்டும், ஏனெனில் இந்தக் கொடுமை முழுவதும் அதற்குள்தான் நடந்தது. ஒவ்வொரு பக்கத்திலும் இரண்டு கட்டங்கள். 'பேசி முடிந்தவை' என்பது ஒன்று, 'முடிவாகாதவை' என்பது மற்றொன்று. முடிவாகாத கட்டத்தில் ஒரு வரி விழுந்தால் அதன் நகல் அரசாங்கத் தொழிற்சாலை ஆய்வாளருக்குப் போகும். அவர் நேரில் வந்து பார்த்தே ஆகவேண்டும். பேசி முடிந்த கட்டத்தில் விழுந்தால் நகல் எங்கும் போகாது. ஆறு மாதத்துக்கு அதே பொருளை யாரும் மறுபடி எடுக்கவும் கூடாது. ஒரு வரி எந்தக் கட்டத்தில் விழுகிறது என்பதில் இருந்தது லெஃப்டின் கை.

அன்றைய கூட்டத்தில் அண்ணி பொத்தானை மேசைமேல் வைத்துவிட்டுப் பேசினாள். மேலாளர் முரடரல்லர். முரடராக இருந்திருந்தால் இந்தக் கதையே நடந்திருக்காது. அவள் விழிப்பாக இருந்திருப்பாள். அவர் குறுக்கிடாமல் கேட்டார், தலையசைத்துக் கேட்டார், பொத்தானைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு தம் கட்சியைச் சொன்னார்: பழகிய கைக்குத் தண்டு தேவையில்லை; தண்டு இருந்தால் கவனம் குறையும்; எட்டு மாதமாக ஒரு கீறல்கூட இல்லை. அவள் மறுத்தாள். அவர் மறுப்பை மறுத்தார். முக்கால் மணி நேரம் இப்படியே ஓடிற்று. இடைவேளைச் சங்கு ஊதப் பத்து நிமிடம் இருக்கையில் அவர் நாற்காலியில் சாய்ந்து புன்னகை செய்தார்.

"மேடம், நீங்க சொல்றது உங்களுக்குச் சரின்னு படுது. நான் சொல்றது எனக்குச் சரின்னு படுது. இதுக்கு இங்கிலீஷ்ல அழகா ஒரு வார்த்தை இருக்கு. லெட்ஸ் அக்ரீ டு டிஸக்ரீ."

"அப்படின்னா என்ன சார்?"

"உங்க கருத்தை நான் மதிக்கிறேன். என் கருத்தை நீங்க மதிக்கிறீங்க. மனஸ்தாபம் இல்லாம எழுந்து போறோம். பெரிய பெரிய ஆளுங்க எல்லாம் அப்படித்தான் பேச்சை முடிப்பாங்க."

பதினோரு ஆண்டுகள் அந்த ஆலையில் வேலை செய்தவள் அவள். உன் கருத்தை மதிக்கிறேன் என்று அந்த அறையில் அவளிடம் யாரும் சொன்னதில்லை. அவளுக்கு உள்ளூர ஒரு பெருமிதம் பொங்கியது. அதற்காக அவளைப் பழிக்காதீர்கள். மதிப்புக்குப் பசித்தவர்களின் இலையில் முதலில் பரிமாறப்படுவது எப்போதும் வெறும் சொல்தான்.

குறிப்பெழுத்தர், மூக்குக்கண்ணாடி போட்ட மெலிந்த மனிதர், எந்தக் கட்டம் என்று பேனாவைத் தூக்கிப் பார்த்தார். பேசி முடித்தாயிற்றே என்று மேலாளர் விரலால் காட்டினார். எழுத்தர் எழுதி, குறிப்பேட்டை அவள் பக்கம் திருப்பினார். 'இஸ்திரி உருளையின் தடுப்புத் தண்டு குறித்து இரு தரப்பும் கருத்து வேறுபாட்டை மதிப்பதென முடிவாயிற்று.' அவள் எழுத்துக் கூட்டிப் படித்தாள். எட்டு மாதமாக யாரும் எழுதாத 'தடுப்புத் தண்டு' என்ற சொல் மையால் எழுதப்பட்டிருந்தது. தன் வாதம் ஏடேறிவிட்டது, இனி மேலே போகும் என்று நம்பினாள். வரியைத்தான் பார்த்தாள், அது எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று பார்க்கவில்லை. கையெழுத்துப் போட்டாள். பொத்தானைத் திருப்பி எடுத்துக்கொண்டாள்.

அந்தச் சொற்றொடர் ஆலையில் விளையாட்டாகப் பரவியது. பேருந்தில் சன்னலோர இருக்கைக்குச் சண்டை வந்தால் ஒருத்தி 'அக்ரீ டு டிஸக்ரீ' என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொள்வாள். லெஃப்டுதான் எல்லாரிலும் அதிகம் சொன்னாள். குழம்பில் உப்பில்லை என்று அவள் அண்ணன் முகம் சுளித்தபோது, "அண்ணி உப்பு போட்டதா சொல்றாங்க, நீ போடலைங்கிற. ரெண்டு பேரும் அக்ரீ டு டிஸக்ரீ. வாயை மூடிக்கிட்டுச் சாப்பிடு" என்றாள். அவன் சிரித்துக்கொண்டே சாப்பிட்டான்.

குழம்பில் உப்புக்கு அது பொருந்தும். எந்த வண்ணச் சேலை அழகு, எந்தப் பாட்டு இனிமை, தேநீருக்குச் சர்க்கரை ஒன்றா இரண்டா என்பதற்கெல்லாம் அது பொன்னான சொல். சமமான இருவர், யார் கருத்து தவறானாலும் இருவருக்கும் சேதமில்லாத ஒரு பொருளில், நட்பைக் காக்கச் சொல்ல வேண்டியது அது. ஆனால் உருளையின் முன் நிற்பவள் ஒருத்தி. குளிரூட்டிய அறையில் அமர்ந்திருப்பவர் ஒருவர். அவள் கருத்து தவறானால் சில விரிப்புகள் பழுப்பேறும். அவர் கருத்து தவறானால் போவது யாருடைய கை? இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் அந்தச் சொல்லைச் சொல்பவர் விவாதத்தை முடிக்கவில்லை. தம் கருத்தைச் சட்டமாக்கிக்கொண்டு, உம் கருத்தை உமக்கே நினைவுப்பொருளாகத் திருப்பித் தருகிறார்.

அடுத்த மாதக் கூட்டத்தில், ஆய்வாளர் எப்போது வருகிறார் என்று அண்ணி கேட்டாள். மேலாளர் வியந்தார். அது முடிந்துபோன பொருளாயிற்றே, ஆறு மாதம் கழித்துப் பேசலாமே என்றார். குறிப்பேட்டைத் திறந்து காட்டினார். அப்போதுதான் அவள் கட்டத்தைப் பார்த்தாள். எழுத்தர் தம் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினார். கூட்டம் முடியும் வரை துடைத்துக்கொண்டே இருந்தார்.

அவள் மெக்கானிக்கிடம் போனாள். கம்பியை அவிழ்க்கச் சொல்லிக் கேட்டாள்.

"கட்டுறதுக்கு வாயால சொன்னா போதும் அண்ணி. அவிழ்க்கணும்னா எழுத்துல வேணும். நான் என்ன பண்ண?"

அவர் கைப்பெட்டியிலிருந்த இடுக்கியை அவளே எடுத்தாள். நண்பகலில், எல்லாரும் பார்க்க, கம்பியை வெட்டினாள். சிவப்புத் தண்டு ஒன்பது மாதத்துக்குப் பிறகு தன் இடத்தில் வந்து விழுந்தது. அன்று பிற்பகல் உருளை மூன்று முறை நின்றது. மூன்றாம் முறை அதை நிறுத்தியது துணி அன்று. லெஃப்டின் சுட்டுவிரல் முட்டி. லெஃப்டு விரலை உதறிக்கொண்டு எதிர்முனையைப் பார்த்தாள். முதல் முறையாக அவள் கேலி எதுவும் பேசவில்லை.

மறுநாள் காலை அண்ணியை அறைக்கு அழைத்தார்கள். மேலாளர் குரல் உயரவே இல்லை. இருவரும் மதிப்பதாக ஒப்பிய ஒன்றை ஒருவர் மட்டும் மீறுவது நாகரிகமா என்று வருத்தத்தோடு கேட்டார். இயந்திரத்தில் கைவைத்த குற்றத்துக்காக அவள் உருளையை விட்டு அழுக்குத்துணி பிரிக்கும் கூடத்துக்கு மாற்றப்பட்டாள். தண்டு மேலே போயிற்று. இம்முறை கம்பி நான்கு முறுக்கு.

உருளையை நிறுத்தும் சிவப்புப் பொத்தான் அண்ணி நின்ற முனையில், ஒரு தூணின் பின்புறம் இருந்தது. அவளுக்கு அது தன் மூக்கைப் போலப் பழக்கம், திரும்பாமலே தட்டுவாள். அவள் இடத்தில் நிறுத்தப்பட்டவள் புதியவள். எலாஸ்டிக் விரிப்பை எப்படி நீட்டுவது என்று கற்றுத் தந்தவர்கள் தூணின் பின்புறத்தைக் காட்டித் தரவில்லை.

பதினோராம் நாள் முற்பகல், நீலக்கரை போட்ட மருத்துவமனை விரிப்பு ஒன்று சுருண்டது. லெஃப்டு இடக்கையால் நீவிவிடப் போனாள். அழுக்குக் கூடத்தில் மூட்டை பிரித்துக்கொண்டிருந்த அண்ணிக்கு முதலில் கேட்டது அலறல் அன்று. புதியவள் "எங்க இருக்கு, எங்க இருக்கு" என்று பொத்தானைத் தேடும் குரல். அண்ணி ஓடிவந்து தூணின் பின்னால் தட்டினாள். அதற்குள் ஒன்பது வினாடி போய்விட்டது. ஒன்பது வினாடியில் அந்த உருளை என்ன செய்யும் என்பதை அந்த நசுங்கிய சட்டைப் பொத்தானை வைத்து நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள். மணிக்கட்டுக்கு மேலே கையை மருத்துவர்கள் எடுக்க வேண்டியதாயிற்று.

இப்போது ஆய்வாளர் வந்தார். வருமுன்பே தண்டு இறங்கி, தூசு துடைக்கப்பட்டு, பளிச்சென்று நின்றது. கம்பி உராய்ந்த இரண்டு தழும்புகளை அண்ணி விரல் வைத்துக் காட்டினாள். இயந்திரம் என்றால் தழும்பு இருக்கத்தான் செய்யும் என்றார் அவர். கட்டியிருந்ததா இல்லையா என்று பெண்களைக் கேட்டார். சிலர் மேலாளரைப் பார்த்தார்கள்; சிலர் தரையைப் பார்த்தார்கள். மெக்கானிக் விடுப்பில் இருந்தார். பிறகு மேலாளர் பச்சை அட்டைக் குறிப்பேட்டை விரித்துவைத்தார். ஆய்வாளர் படித்தார். கையெழுத்தைப் பார்த்தார். அண்ணியைப் பார்த்தார்.

"இது உங்க கையெழுத்துதானேம்மா?"

"ஆமாங்க."

"பேசி முடிச்சாச்சுன்னு நீங்களே எழுத்துல ஒத்துக்கிட்டிருக்கீங்க. இப்ப வந்து ஆபத்துன்னா எப்படி?"

"நான் ஆபத்துன்னுதான் சொன்னேன். அவர் இல்லைன்னார். யார் சொன்னது சரின்னு இப்ப ஆஸ்பத்திரியில போய்ப் பாருங்க."

"அதெல்லாம் சரிம்மா. இதுல என்ன இருக்கோ அதைத்தான் நான் எழுத முடியும்."

அவர் எழுதினார். பாதுகாப்புக் குறித்து நிர்வாகமும் தொழிலாளரும் முறைப்படி கலந்து பேசியுள்ளனர், பேச்சு சுமுகமாக முடிந்துள்ளது, விபத்து தொழிலாளியின் கவனக்குறைவால் நேர்ந்தது என்று எழுதினார். ஒரு பெண்ணின் வாதம் அவளுக்கு எதிரான சான்றாக மாறியதைப் பார்த்தீர்களா? அவள் வாயை அடைத்திருந்தால்கூட இத்தனை தீங்கு இல்லை. அவளைப் பேசவிட்டு, பேசியதைப் பாராட்டி, பேசினாள் என்பதையே அவள் நாத்தனாரின் கைக்கு விலங்காகப் பூட்டினார்கள்.

மருத்துவமனைக்கு அந்த அறிக்கையின் படிவம் போனது. பாதிக்கப்பட்டவர் படித்துக் கையொப்பம் இட வேண்டும். குறிப்பெழுத்தர்தான் கொண்டுபோனார். லெஃப்டு கட்டிலில் சாய்ந்திருந்தாள். இடத்தோளிலிருந்து கட்டு தொடங்கி, முடிய வேண்டிய இடத்துக்கு முன்பே முடிந்திருந்தது. அண்ணி பக்கத்தில் நின்றாள். கட்டில் விரிப்பில் நீலக்கரை போட்டிருந்தது. அது தங்கள் ஆலையில் வெளுத்ததுதான் என்று இருவருக்கும் தெரியும்.

லெஃப்டு படிவத்தை முழுவதும் படித்தாள். இணைத்திருந்த குறிப்பேட்டு நகலையும் படித்தாள். எழுத்தர் பேனாவை நீட்டினார். பழக்கத்தில் அவளுடைய இடத்தோள் முன்னால் அசைந்தது. எழுத்தர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவள் வலக்கையை நீட்டிப் பேனாவை வாங்கவில்லை.

"இந்த நகல்ல இருக்கிற கையெழுத்து யாரோடது?" என்று எழுத்தரைக் கேட்டாள். தெரியாமல் கேட்கவில்லை. அண்ணி காதில் விழக் கேட்டாள்.

"என்னோடதுதான்" என்றாள் அண்ணி. "ஆனா அதுக்கு அர்த்தம் அது இல்லடி. நான் விட்டுக்கொடுக்கலை. என் பேச்சை ஏட்டுல ஏத்துறாங்கன்னு நெனச்சுத்தான் போட்டேன். கம்பியை நானே வெட்டினேன், நீ பாத்தேல்ல? என்னை மாத்தாம இருந்திருந்தா…"

அவள் இன்னும் பேசினாள். பொத்தானைப் பற்றிப் பேசினாள், கட்டத்தைப் பற்றிப் பேசினாள், தூணைப் பற்றிப் பேசினாள். லெஃப்டு சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லாம் பேசி முடித்துவிட்டு, நீயாவது என்னை நம்புகிறாயா என்று அண்ணி கேட்டபோது, அவள் திரும்பாமலே பதில் சொன்னாள்.

"அக்ரீ டு டிஸக்ரீ அண்ணி."

ஒரே வீட்டில் ஒரே பானையில் உண்ட இரண்டு பெண்களுக்கு நடுவே மேலாளரின் சொல் வந்து உட்கார்ந்துகொண்டது. அவர் அங்கே வரவும் தேவைப்படவில்லை.

ஒன்றே ஒன்று நடந்தது. எழுத்தர் கையொப்பம் இல்லாத படிவத்தோடு திரும்பிப் போனார். அன்று அவர் ஏட்டைத் திறந்து, முடிவாகாதவை என்ற கட்டத்தில், யாரும் சொல்லாமல், தம் கையாலேயே ஒரு வரி எழுதினார்: 'பாதிக்கப்பட்டவர் உடன்பட மறுத்தார்.' நகல் எடுத்தார், அஞ்சலில் சேர்த்தார். மறுவாரம் அவருக்கு வேலை இல்லை. அந்த நகல் ஆய்வாளர் அலுவலகத்தில் எந்த அடுக்கில் கிடக்கிறதோ, இன்று வரை யாரும் வந்து பார்க்கவில்லை. மேலாளர் இருக்கிறார். உருளை சுழல்கிறது. இடப்பக்க முனையில் வேறொருத்தி நிற்கிறாள். சிவப்புத் தண்டு மறுபடியும் மேலே இருக்கிறது. புதுக் கம்பி, துருப்பிடிக்காதது.

கேட்டீர்கள் அல்லவா? அருமையான கதை என்று சொல்லிவிட்டுப் பக்கத்தைப் புரட்டப் போகிறீர்களா? இல்லை, இது மிகைப்படுத்தல், எங்கள் இடத்தில் இப்படியெல்லாம் இல்லை, உம் கருத்து உமக்கு, என் கருத்து எனக்கு என்று என்னிடமே அந்தச் சொல்லை எடுத்து நீட்டப் போகிறீர்களா?

நீட்டாதீர்கள். நாளைக் காலை உங்கள் வேலையிடத்துக்குப் போனவுடன் கூட்டக் குறிப்பேட்டைக் கேட்டு வாங்குங்கள். பேசி முடிந்தவை என்று எழுதியுள்ள ஒவ்வொரு வரியிலும் விரல் வைத்து, இதில் மேலாளர் கருத்து தவறானால் போவது யாருடைய உடம்பு என்று உரக்கக் கேளுங்கள். பதில் வராத வரிக்குக் கீழே கையெழுத்துப் போடாதீர்கள். போட்டிருந்தால் அடித்துவிட்டு, முடிவாகவில்லை என்று எழுதுங்கள். அதை ஒருத்தியாகச் செய்யாதீர்கள். அண்ணி ஒருத்தியாகத்தான் செய்தாள். நாற்பது பேரும் சேர்ந்து நில்லுங்கள். பிறகு கூடத்துக்குப் போங்கள், தண்டு எங்கே இருக்கிறது என்று நிமிர்ந்து பாருங்கள். கட்டியிருந்தால், இடுக்கியை எடுத்து வெட்டுங்கள்.